வலப்பக்கம்

அந்த வருஷத்து சீசனைத் திட்டமிட உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தம்பி அவசரப்பட்டான். அக்கா சாலை வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து அதன் மூலைகளில் கிண்ணங்களை வைத்து முடிப்பதற்குள் பென்சிலை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

"ரெண்டே மாசம்க்கா. நாலையும் முடிச்சிடலாம்."

"உனக்குப் பைத்தியமா? ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல காலு தேற வேண்டாமா?"

நாலு என்பது நாலு சவாரிகள். இருநூறு கிலோமீட்டர், முந்நூறு, நானூறு, அறுநூறு. அவர்கள் இருவரும் இருந்த நெடுந்தூர சைக்கிள் சங்கத்தில் இது பந்தயம் இல்லை; முதலில் வந்தவனுக்குக் கோப்பையும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழியில் சில இடங்களில் நின்று கையிலிருக்கும் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே சீசனில் நாலையும் முடித்தவர்களை அடுத்த வருஷத்து ஆயிரத்து இருநூறுக்குச் சேர்த்துக்கொள்வார்கள். போன வருஷம் அறுநூறில் அக்காவின் முழங்கால் காலை வாரிவிட்டது. அவளுக்காக நின்ற தம்பிக்கும் நேரம் போய்விட்டது. அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாததே அவளுக்கு முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

அக்கா கண்ணாடிக்கடை வைத்திருந்தாள். கண் பரிசோதித்து, பவர் எழுதி, சட்டம் பொருத்திக் கொடுப்பது அவள் தொழில். ஐம்பதைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. தம்பி குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவன். அக்காவின் வீட்டு மாடிதான் அவனுக்கு வீடு. கீழே அக்காவும் அவள் கணவரும். கணவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். சைக்கிளைத் தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை.

"பஸ் போற தூரத்தை மிதிச்சே போறீங்க. அப்புறம் டிப்போ வெச்சு நாங்க என்ன ஈ ஓட்டறதா?" என்றபடி அவர் டீயைக் கொண்டுவந்து தம்பியின் வலக்கைப் பக்கம் வைத்தார்.

தம்பி பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். அணைக்குப் போகும் சாலை வலப்பக்கம் திரும்பும் இடத்தில் அவன் கோடு திரும்பவில்லை. நேராகப் போய் வெறும் வெள்ளையில் நின்றது.

"டேய், அங்க ரோடே இல்லையேடா."

"எங்க? ஓ, ஆமா." சிரித்துக்கொண்டே தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தான். திருப்பிய வேகத்தில் முழங்கை டம்ளரைத் தட்டிவிட்டது. டீ அணையைத் தாண்டி மூன்று ஊர்களை மூழ்கடித்தது.

"அணை உடைஞ்சிடுச்சு, எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க!" என்றார் கணவர். மூவரும் சிரித்தார்கள். அக்காதான் துணியை எடுத்துத் துடைத்தாள். துடைக்கும்போது அவன் சட்டைக் கை மேலேறியிருந்ததைப் பார்த்தாள். வலத் தோளுக்குக் கீழே மஞ்சளாய் ஆறிக்கொண்டிருந்த ஒரு பழைய கன்றல், அதன் மேலேயே நீலமாய்ப் புதிது ஒன்று.

"இது என்னடா?"

"கிடங்குக் கதவு. சனியனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது."

அவள் சிரிக்கவில்லை. ஏனென்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. டீக்கறை படிந்த வரைபடத்தை ஜன்னலில் காயப்போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை காலை இருவரும் பயிற்சிக்குக் கிளம்பினார்கள். வழக்கம்போல் தம்பி முன்னால், அக்கா அவன் பின்சக்கரத்தை ஒட்டி. ஊர் எல்லையில் ஒரு ரவுண்டானா. வலப்பக்கச் சாலையிலிருந்து பால் வேன் ஒன்று நிற்காமல் உள்ளே நுழைந்தது. தம்பி வேகத்தைக் குறைப்பான் என்று அக்கா பிரேக்கைப் பிடித்தாள். அவன் குறைக்கவில்லை.

"தம்பீ!"

வேன் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து ஒடித்துத் திரும்பியது. உள்ளே கிரேட்டுகள் சரிந்த சத்தம். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்ததைத் திட்டினான். அக்காவைக் கதிகலங்க வைத்தது அந்த வேன் இல்லை. தம்பி திடுக்கிடக்கூட இல்லை என்பதுதான். வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, தோள் ஆடாமல், அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு கையகல தூரத்தில் எது தன்னைக் கடந்துபோனது என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அதற்குள் அவள் மனம் கூட்டல் போட ஆரம்பித்துவிட்டது. வரைபடக் கோடு, டீ டம்ளர், தோள் கன்றல். தினமும் யாரோ ஒருவர் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவள். சொந்த வீட்டில் மாடிப்படியில் ஏறி இறங்குகிறவனைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

சாலையோரக் கடை ஒன்றில் நிறுத்தச் சொன்னாள். அவனை ஸ்டூலில் உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தாள்.

"என் மூக்கைப் பாரு. விரல் ஆடுறது தெரிஞ்சதும் சொல்லு."

"இங்கயும் கடையைத் திறந்துட்டியா?"

"பாருடா."

அவன் இடப்பக்கம் விரலைக் கொண்டுவந்த உடனேயே, "ஆடுது," என்றான். அடுத்து அவன் வலப்பக்கம் கையை நீட்டி, விரலை ஆட்டியபடி மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். தோளுக்கு நேராக வந்தது. காதுக்கு நேராக வந்தது. அவன் பேசவில்லை. அவன் கன்னத்தை உரசும் தூரத்துக்கு வந்தது. அவள் விரலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"ஆடுது," என்றான் தம்பி.

அவள் கையைக் கீழே போட்டாள்.

அவன் சாலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். பிறகு யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். டாக்டரைப் பார்த்தாயிற்று. படம் எடுத்தாயிற்று. மூளையில் இடப்பக்கம் ஒரு கட்டி. அதனால்தான் வலப்பக்கம் இருட்டு. இருட்டுகூட இல்லை, அங்கே ஒன்றுமே இல்லை. அறுத்து எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுக்க வேண்டும்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. இப்ப உனக்குத் தெரியும்."

"நாளைக்கே போறோம். ஆஸ்பத்திரிக்கு."

"அறுத்துட்டு எழுந்திரிக்கிறப்ப எவ்வளவு வெளிச்சம் மிஞ்சும்னு அந்த டாக்டருக்கே தெரியலக்கா. எழுந்திரிப்பேனான்னே அவர் வாயால வரல. இந்த சீசன் ஒண்ணு போகட்டும். ரெண்டு மாசம். அதுக்குத்தான் அவசரப்பட்டேன்."

"செத்துப்போவடா."

"நீ வலப்பக்கம் வந்தா சாக மாட்டேன்."

அவள் முடியாது என்றாள். அன்று முழுக்க முடியாது என்றாள். மூன்று நாள் அவன் மாடியிலிருந்து இறங்கவில்லை. நாலாம் நாள் கடைக்கு வந்து, அடுக்கியிருந்த சட்டங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து சொன்னான்: "நீ வரலைன்னா தனியாப் போறேன். பேரைக் கொடுத்தாச்சு."

அது மிரட்டல் என்று அவளுக்குத் தெரியும். அவன் சொன்னதைச் செய்கிறவன் என்றும் தெரியும். கண்ணுக்கு எதிரே இருந்தால் காப்பாற்றலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சம்மதித்தாள். ஆனால் அவளுக்குள் இன்னொன்றும் இருந்தது. அந்த ஆயிரத்து இருநூறு அவளுக்கும் வேண்டியிருந்தது. இந்த வருஷம் விட்டால் முழங்கால் இன்னொரு வருஷம் தாங்காது. அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் கூசியது. கூசினாலும் அது போகவில்லை.

"நாலும் முடிஞ்ச மறுநாள் ஆஸ்பத்திரி. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

பிறகு அவள் திட்டம் போட்டாள். இதுவரை எந்த சீசனுக்கும் அப்படிப் போட்டதில்லை. சங்கம் கொடுத்த பாதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வலப்பக்கம் எங்கெங்கே குறுக்குச் சாலை சேருகிறது, எங்கே பள்ளிக்கூடம், எங்கே லாரி நிறுத்தம் என்று தேடினாள். ஞாயிறுகளில் பஸ் ஏறி அந்தச் சாலைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரவில் ஓட்ட வேண்டிய நானூறையும் அறுநூறையும் மட்டும் அவள் தொடவில்லை. அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தாள்.

"என்னடி இது? எங்க டிப்போல புது ரூட் விடறதுக்குக்கூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க," என்றார் கணவர்.

உண்மை வாய்வரை வந்தது. "முழங்கால்தான். மேடு பள்ளம் பார்த்துக்கறேன்," என்றாள்.

முப்பது வருஷத்தில் அவரிடம் சொன்ன பெரிய பொய் அதுதான்.

இருநூறு நல்லபடியாக முடிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. அக்கா அவனுக்கு வலப்பக்கம், வண்டிகள் முந்திப்போகும் பக்கம், தோளோடு தோளாக ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். திட்டட்டும் என்று அவள் விலகவில்லை. காற்றும் அன்று அவர்கள் முதுகில் இருந்தது. கடைசி இறக்கத்தில் தம்பி சின்னப் பிள்ளைபோலக் கூவினான். முடிவிடத்தில் அட்டையில் முத்திரை குத்தும் பெரியவரை எல்லோரும் முத்திரை அண்ணன் என்பார்கள். அவர் அட்டையை வாங்கிக்கொண்டு, "என்ன, ரெண்டு பேரையும் பசை போட்டு ஒட்டி விட்டாங்களா இன்னிக்கு?" என்று கேட்டார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா முகம் கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

முந்நூறு விடியலில் கிளம்பியது. வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அக்காவுக்குப் புரிந்துவிட்டது, போன மாதம் இருந்த பார்வை இப்போது இல்லை. இருநூறில் அவள் அரைச் சக்கரம் முன்னால் போனாலே பார்த்துவிட்டான். இன்று ஒரு முழு சக்கரம் முன்னால் போனாலும் அவன் முகம் மாறவில்லை.

"பேசிட்டே வாக்கா," என்றான் அவனாகவே. "பேச்சு நின்னா நீ எங்க இருக்கேன்னு தெரியல."

"திரும்பிடலாம்டா."

"பேசு."

அவள் பேசினாள். மேடு வருது, கியரை இறக்கு. வலப்பக்கம் டிராக்டர், நேராப் போ. பள்ளம், இடது ஒடி. சாலை சும்மா இருந்தபோது கதை சொன்னாள். தன் கணவர் உட்கார்ந்து நசுக்கிய கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, வீட்டுக்காரரையும் சேர்த்து நிமிர்த்தித் தர முடியுமா என்று கேட்ட வாடிக்கையாளர் கதை. டிப்போவில் பூனை குட்டிபோட்டதால் ஒரு பஸ் கிளம்பாமல் நின்ற கதை. தம்பி சிரித்துக்கொண்டே மிதித்தான். மதியத்துக்குள் அவள் தொண்டை காய்ந்து குரல் கரகரத்தது. எதிர்க்காற்று வேறு வார்த்தைகளை வாயிலேயே திருப்பி அடைத்தது.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெரியப்பாவின் கார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது அது. பெரியப்பா ஒரு பழைய காரை வாங்கினார். அதில் ரிவர்ஸ் கியர் மட்டும்தான் விழும். மனுஷர் ரோஷக்காரர். திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கடைத்தெரு முழுக்கப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டை நெருங்கியபோது பெரியம்மா வாசலில் நின்றாள். அந்த இடத்தில் அக்காவுக்கு இருமல் வந்தது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் குனிந்து பாட்டிலை எடுத்தாள்.

தம்பி அவள் பக்கம் ஒதுங்கினான். கைப்பிடியோடு கைப்பிடி உரசியது. அவள் சைக்கிள் துள்ளி, அவள் சாலை நடுவில் போய் விழுந்தாள். பின்னால் வந்த லாரியின் ஹாரன் காதைக் கிழித்தது. டயர் தேய்ந்த நாற்றம். லாரியின் காற்று அவள் மேல் அடித்துக்கொண்டு போனது. ஓட்டுநர் ஓரமாய் நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தான்.

"அம்மா, உயிரோடதான் இருக்கீங்களா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பாலத்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தான். தலை லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஏதோ கேட்டுத் தலையாட்டினான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான். அவன் வலப்பக்கத்தில் யாரும் இல்லை. வெறும் சாலையும், அடுத்தடுத்து முந்திப்போகும் வண்டிகளும்தான்.

அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். காற்று அதையும் அவள் மேலேயே திருப்பி எறிந்தது.

ஃபோனை அவன் எடுக்கவில்லை. முத்திரை அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் அடுத்த நிறுத்தத்தில் இருந்தார். "அண்ணே, அவன் வர்றான். எழுந்து ரோட்டுக்கு வாங்க. இடது பக்கமா நின்னு கூப்பிடுங்க. விட்டுடாதீங்க," என்றாள். பிறகு கோணிப்போன கைப்பிடியை முழங்காலில் இடுக்கி நிமிர்த்தி, ரத்தம் வழிய மிதித்தாள். ஒவ்வொரு வளைவிலும், அதற்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று பார்க்கப் பயந்து பயந்து போனாள்.

ஒன்றும் கிடக்கவில்லை. எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்பது யாருக்கும் தெரியாது. நிறுத்தத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் நேராகப் போய், எல்லோர் முன்னாலும், இருந்ததை இருந்தபடி சொன்னாள். அவன் சட்டைப் பையிலிருந்த அட்டையை உருவி, தன் அட்டையோடு சேர்த்து முத்திரை அண்ணன் கையில் வைத்தாள்.

தம்பி அவளை அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவள் முழங்கையிலிருந்து வழிந்த ரத்தத்தைப் பார்த்தான். "எங்க விழுந்த?" என்று கேட்க வாயெடுத்தவன்போல இருந்தது. கேட்கவில்லை. முகம் வெளிறியது. அதற்குப் பிறகு அவளிடம் பேசவே இல்லை.

ஆபரேஷன் நடந்தது. எழுந்தான். வலப்பக்கம் போனது போனதுதான், இடப்பக்கம் மிஞ்சியது. "கொஞ்சம் வேரை விட்டுட்டுத்தான் வந்திருக்கோம். அதைத் தொட்டா பேச்சு போயிடும்," என்றார் டாக்டர். அவ்வப்போது வந்து படம் எடுத்துப் பார்க்க வேண்டும். கிடங்கில் அவனுக்கு ஆபீஸ் வேலை போட்டுக் கொடுத்தார்கள். மாடியிலிருந்து மாமாவோடு பேசும் சத்தம் கேட்கும். அக்கா படியேறினால் நின்றுவிடும்.

கணவருக்கும் அவள்மேல் ஆறாத கோபம். "எங்கிட்ட சொல்லணும்னு ஒரு நாள்கூட தோணலையா உனக்கு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை மாடிக்கு அவர்தான் கொண்டுபோனார். அட்டையைப் பிடுங்கினதற்கான கோபம், ஆறும்போது ஆறட்டும் என்று அக்கா தம்பியை விட்டுவிட்டாள். சைக்கிளை அவள் துடைக்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தம்பி அறையிலிருந்து வெளியே வந்து கைப்பிடிச் சுவரோரம் நின்றான்.

"அக்கா."

அவள் கையிலிருந்த துணி நின்றது.

"அன்னிக்கு நீ எங்க விழுந்த?"

"பாலத்துக்கு முன்னால."

"முன்னாலயா? நல்லாத் தெரியுமா?"

"விழுந்தவளுக்குத் தெரியாதாடா?"

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "பாலத்துக்கு அப்புறம்தான்க்கா நீ பெரியப்பா கதையை முடிச்ச. கார் ரிவர்ஸ்லயே போய் ஆத்துல இறங்கிடுச்சுன்னு சொன்ன. நான் சிரிச்சேன். அப்புறம் மேடு வருது, கியரை இறக்குன்ன. இறக்கினேன். நிறுத்தம் வரைக்கும் நீதான் கூட்டிட்டு வந்த."

"டேய், காரு ஆத்துல இறங்கவே இல்ல. பெரியம்மா தம்பி வந்து இழுத்துட்டுப் போனார்."

"அன்னிக்கு உன் கையில ரத்தத்தைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. கோவம்னு நெனச்சியா? கோவமில்லக்கா. உன்கிட்ட பேசினா எது நீ, எது அதுன்னு குழம்பிடும்னு பயம்."

ஈரத்துணி அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. "அதுன்னா என்னடா?"

"ஆபரேஷனோட போயிடுச்சு. சத்தியமாப் போயிடுச்சு. இப்ப ஒரு வாரமா மறுபடியும் கேக்குது. வலப்பக்கத்துல. உன் குரல்தான். கரகரன்னு, அன்னிக்கு மாதிரியே."

"என்ன சொல்லுது?"

"ரோடு சொல்லுது. நாம போகாத ரோடு." அவன் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டான். "இறக்கம் வருது, பிரேக்கை விடுங்குது."

அவள் துணியை வாளியில் போட்டுவிட்டுப் படியருகே போய்க் கணவரைக் கூப்பிட்டாள். "டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க. இப்பவே வர்றோம்னு சொல்லுங்க. எதிர்வீட்டுக்காரரை வண்டி எடுக்கச் சொல்லுங்க." அவள் குரலைக் கேட்டதும், என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை.

திரும்பி வந்து தம்பியின் வலக்கையைப் பிடித்தாள். அவன் பிடிக்கக் கொடுத்தான். உள்ளங்கை வேர்த்திருந்தது. ஒவ்வொரு படியாக இறங்கினார்கள்.  அவள் பேசாமல் கையை மட்டும் இறுக்கிக்கொண்டாள். பாதிப் படியில் தம்பி நின்றான். தலை லேசாக வலப்பக்கம் சாய்ந்தது.

"இப்ப பேசினது நீதானேக்கா?"

கீழே கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். வெளியே வண்டி வந்து நின்றது.

"நான்தான்டா," என்றாள் அக்கா. "மெதுவா வா."